கணினியில் ஏறும் புறம்போக்கு, ஏறாத பஞ்சமி

அரசு நிலத்தைக் காப்பாற்ற எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நீதிமன்றங்கள் அறிக்கை கேட்கின்றன. நாளிதழ்கள் தலையங்கம் எழுதுகின்றன. குடியிருப்போர் நலச் சங்கங்கள் ஆட்சியரிடம் மனு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. எல்லோரும் சொல்லும் தீர்வு ஒன்றே: அரசுக்குச் சொந்தமான ஒவ்வொரு துண்டு நிலத்தையும் கணினியில் ஏற்று; எல்லையை வரைபடத்தில் குறி; செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடு; ஆக்கிரமிப்பு எங்கே என்று தெரிந்துவிடும்; தெரிந்ததும் இடி.

பொதுச் சொத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கு இல்லாத ஊரில் வலுத்தவன் வைத்ததுதான் எல்லை. அரசு நிலங்களுக்கு முழுமையான, யாரும் திறந்து பார்க்கக்கூடிய தரவுத்தளம் வேண்டும் என்று கேட்க நம்மைவிட உரிமை உள்ளவர் இல்லை. கணக்கில் வராமல் போன நிலத்தால் மிக அதிகம் இழந்தவர்கள் நாம். என் சண்டை வேறு இடத்தில். அந்தத் தரவுத்தளத்தில் எந்தக் கட்டம் இருக்கும், எந்தக் கட்டம் இருக்காது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதைத் தொழில்நுட்பக் கேள்வி என்று சொல்லிப் பொறியாளர்களிடம் தள்ளிவிடுகிறார்கள். நான் இதைச் சாதிக் கேள்வி என்கிறேன்.

நான் பெருங்களத்தூரில் வசிக்கிறேன். தமிழ்நாட்டின் நில ஆவணங்கள் கணினிக்கு மாறிய கதையை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரண்டு பக்கமும் நிலம் சென்ட் கணக்கில் விலைபோகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். இங்கே ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் ஒற்றைச் சொல் ஒரு குடும்பத்தை வீட்டுக்காரராக்கும், அல்லது ஆக்கிரமிப்பாளராக்கும். ஆகவே அந்தச் சொற்களையும் அவை உட்காரும் கட்டங்களையும் பற்றிப் பேசுவோம்.

இந்த மாவட்டத்தில் பிறந்த நிலம்

பெருங்களத்தூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். சேரியில் இருந்தவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், தரிசாகக் கிடக்கும் நிலத்தை அவர்கள் தர்காஸ்து போட்டுக் கேட்டால் மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தடுத்துவிடுகிறார்கள் என்பதையும் அந்த அறிக்கை போட்டு உடைத்தது. அரசு நிலம் என்று ஏட்டில் இருந்தது. ஆனால் அதை யார் உழலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. இதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு தொடங்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். அலுவலகங்களில் அதற்கு டி.சி. நிலம் என்று பெயர்.

இந்த நிலத்தோடு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது. இழப்பீடு எதுவும் தராமல் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். வருவாய் வாரிய நிலையாணை 15 இதைச் சொல்கிறது. நிபந்தனை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் கூறியிருக்கிறது. பஞ்சமி நிலம் என்பது தனியார் பட்டா போலத் தோற்றமளிக்கும், ஆனால் அரசின் கை விலகாத நிலம். பொது நிலங்களின் பட்டியல் ஒன்று போடுவதாக இருந்தால் அதில் முதல் வரிசையில் நிற்க வேண்டியது இதுதான்.

எவ்வளவு நிலம்? இயக்கங்கள் சொல்லும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே அரசுத் தரப்பிலிருந்து வெளிவந்து, நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 26 ஆயிரம் ஏக்கர். ஒன்றுக்குப் பத்து பங்கு வித்தியாசம். ஒரு ரேஷன் கடையில் இருப்புக் கணக்கு இப்படி உதைத்தால் விற்பனையாளர் அன்றைக்கே இடைநீக்கம். இங்கே நூறு ஆண்டுக் கணக்கு உதைக்கிறது. ஒரு எழுத்தர்கூடப் பதில் சொல்லவில்லை.

குறிப்புக் கட்டத்தில் இருந்த இரண்டு எழுத்து

நிலம் எப்படிக் காணாமல் போனது? பெரும்பாலும் கத்தியும் கம்பும் தேவைப்படவில்லை. பேனா போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அ-பதிவேடு என்ற தாய் ஆவணம் உண்டு. பழைய சர்வே எண், புதிய எண், அரசு நிலமா ரயத்துவாரியா, நஞ்சையா புஞ்சையா, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். பஞ்சமி நிலம் என்பதற்கான அடையாளம் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருந்தது: டி.சி. என்ற இரண்டு எழுத்து, அல்லது நிபந்தனை ஒப்படை என்ற ஒரு சிறு குறிப்பு.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். அந்த நகலெடுப்பில் கடைசிக் கட்டத்து இரண்டு எழுத்து பல இடங்களில் ஏறவில்லை. அதே நகலெடுப்பில், நிலத்தை அப்போது கையில் வைத்திருந்த ஆதிக்கச் சாதிக்காரர் பெயர் பட்டாதாரர் கட்டத்தில் ஏறியது. இரண்டும் சேர்ந்ததும் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நிலத்தை வாங்குபவருக்கும் பதிவு செய்பவருக்கும் கடன் கொடுக்கும் வங்கிக்கும் அது எல்லாப் பட்டா நிலத்தையும் போன்ற இன்னொரு பட்டா நிலம்.

பிறகு கணினி வந்தது. இன்று தமிழ் நிலம் மென்பொருளில் இருப்பது எதன் நகல்? யு.டி.ஆர். ஏட்டின் நகல். பிழையை அழகாகத் தட்டச்சு செய்து, மின்கையொப்பம் போட்டு, பட்டைக் குறியீடும் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். முன்பு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுப் பரணில் பழைய ஏடாவது இருந்தது. இப்போது 'கணினியில் அப்படித்தான் இருக்கிறது' என்பதே இறுதித் தீர்ப்பு.

நகரமாகும் ஊர்களில் இன்னொரு படி உண்டு. பெருங்களத்தூர் பேரூராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் கரைந்தது. பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், சிட்லபாக்கம், திருநீர்மலை எல்லாம் கூடவே கரைந்தன. மாவட்டத்தின் பெயரோ 1997-இல் காஞ்சிபுரம் என்று மாறி, 2019-இல் மறுபடி செங்கல்பட்டு என்று திரும்பியது. ஓர் ஊர் நகர அளவைக்குள் வரும்போது சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று புது முகவரி வருகிறது. பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் கையில் இல்லாவிட்டால், தாத்தா காலத்து ஒப்படைப் பத்திரத்தை வைத்திருக்கும் பேரன் தன் நிலத்தின் மேல் நின்றுகொண்டே அதைத் தேடுவான்.

இந்த வட்டாரத்துச் சில கிராமங்களின் யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டு நகலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில்: ஆவணங்கள் சிதிலமடைந்த நிலையில் உள்ளன. இன்னோர் அலுவலகத்தின் பதில்: சர்வே எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கவும். எந்தெந்த சர்வே எண் பஞ்சமி என்று தெரிந்துகொள்ளத்தான் ஐயா கேட்கிறேன்! இணையச் சேவையிலும் இதே ஏற்பாடுதான். ஒரு சர்வே எண் தெரிந்தால் அந்த ஓர் எண் புறம்போக்கா இல்லையா என்று பார்க்கலாம். ஒரு கிராமத்தின் பஞ்சமி நிலம் முழுவதையும் பட்டியலாகப் பார்க்க ஒரு பொத்தானும் இல்லை.

கோயிலுக்கு முடிந்தது

செய்ய முடியாத வேலை என்று சொல்வார்கள். நூறு ஆண்டு பழைய ஆவணம், தேடுவது கஷ்டம், அளக்க ஆளில்லை. பொய். இதே மாநிலத்தில், இதே அரசு, இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது: கோயில் நிலங்களுக்கு.

இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2021 முதல் அந்த ஆவணங்களை இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ் நிலம் தரவோடு ஒப்பிட்டார்கள். 2021 செப்டம்பரில் ரோவர் கருவிகளோடு அளக்கத் தொடங்கி, ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் அளந்து, துறையின் பெயர் பொறித்த எல்லைக் கல் நட்டார்கள். நல்லது. அளக்கட்டும். அந்த ரோவர் கருவிக்குப் பஞ்சமி நிலத்தில் மட்டும் சமிக்ஞை கிடைக்காதா?

சட்டத்தைப் பாருங்கள். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு சில சொத்துகளின் பத்திரங்களைப் பதிய மறுக்கச் சொல்கிறது. அரசு நிலம், உள்ளாட்சி நிலம், சி.எம்.டி.ஏ. நிலம், அறநிலையத் துறைக் கோயில் நிலம், பூமிதான நிலம், வக்பு நிலம். பூமிதானம் வரை நினைவு வைத்து எழுதியவர்களுக்குப் பஞ்சமி என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. கர்நாடகம் 1978-லேயே பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒப்படைத்த நிலத்தின் கைமாற்றத்தைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. காலதாமதத்தைக் காட்டி நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளியபோது 2023-இல் அதைத் திருத்தவும் செய்தது. ஆந்திரத்தில் 1977-இலிருந்து ஒப்படை நிலச் சட்டம் இருக்கிறது. சமூகநீதியின் தொட்டில் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும் தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்குத் தனிச் சட்டம் இல்லை, அரசாணையும் நிலையாணையும்தான்.

போராடாமல் இருந்தோமா? 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். சிறுதாவூர் நிலப் பிரச்சனை விசாரணை ஆணையம் வரை போனது. 2011 ஜனவரியில் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலங்களைக் கண்டறிய ஒரு குழு அமைத்தார்கள். சில மாதங்களில் ஆட்சி மாறியது. மக்கள் கையில் பட்டியல் வரவில்லை. திரமென்ஹீரின் மாவட்டத்திலேயே காரணை, அதே மாவட்டத்திலேயே சிறுதாவூர். இங்கேயே இந்த நிலை என்றால் மற்ற மாவட்டங்களைப் பற்றி என்ன சொல்ல?

2019-இல் 'அசுரன்' படம் வந்த கையோடு முரசொலி அலுவலக நிலம் பஞ்சமியா என்ற சண்டை வெடித்தது. குற்றம் சாட்டினார்கள், தி.மு.க. மறுத்தது, ஆணையம், நீதிமன்றம் என்று போனது. யார் சொன்னது சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என்னை உறுத்துவது வேறு. இரண்டு பக்கமும் அத்தனை மாதம் கத்தியும், 'மாநிலத்தின் பஞ்சமி நிலப் பட்டியல் முழுவதையும் வெளியிடு' என்று எந்தப் பெரிய கட்சியும் வீதிக்கு வரவில்லை. பட்டியல் வெளிவந்தால் யார் யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

யார் ஆக்கிரமிப்பாளர்?

புறம்போக்கு என்ற சொல்லுக்கு ஏட்டில் இருக்கும் பொருள் எளிது: தீர்வை விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம். ஏரி, குட்டை, ஓடை, மேய்க்கால், களம், வண்டிப்பாதை, சுடுகாடு. அதையே தமிழ் நாக்கு வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. அந்த நிலத்தில் வாழ்பவரைத் திட்ட அந்த நிலத்தின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஊருக்குள் ஊர் நத்தம், ஊருக்கு வெளியே சேரி நத்தம் என்று எழுதிய சமூகம்தானே!

செயற்கைக்கோளுக்குக் குடிசை தெரியும். நிபந்தனை தெரியாது. குத்தகை பாக்கி தெரியாது. ஆகவே இவர்கள் கட்டும் தரவுத்தளத்தில் முதலில் சிக்குவது ஏரிக்கரைக் குடிசையாகத்தான் இருக்கும். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். 2025 மே மாதம் நம் தாம்பரம் மாநகராட்சியிலேயே அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். அங்கிருந்தவர்கள் பலருக்குப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் வீடு. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஆற்றங்கரையில் இருந்தால் நீர்நிலை ஆக்கிரமிப்பு. அரசே சதுப்பு நிலத்தில் அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய் வைத்தால் மறுவாழ்வுத் திட்டம். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மூழ்கியது அந்த மறுவாழ்வுதான்.

மறுபக்கம் பாருங்கள். கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கு 160 ஏக்கர் அரசு நிலம், 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். வாடகையை உயர்த்திய பிறகு கட்டாத பாக்கி 730 கோடி ரூபாய் என்று 2023-இல் உயர் நீதிமன்றம் கட்டச் சொன்னது. 2024-இல்தான் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் திறந்தவெளிச் சிறைக்கு ஒதுக்கிய நிலத்தை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் ஆக்கிரமித்திருப்பதாக அரசே பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறது; நோட்டீசும் வழக்குமாக ஒரு தலைமுறை ஓடிவிட்டது. குடிசைக்கு 7 நாள், நிறுவனத்துக்கு 30 ஆண்டு. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுப்பிய தியாகராய நகரை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. அங்கே அரசே முன்நின்று ஏரியை மனையாக்கியது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஏரி வேண்டாமா, வெள்ளம் வரட்டுமா என்று கேட்பார்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-இல் பட்ட பாட்டைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்தவன் நான். ஏரி வேண்டும், ஓடை வேண்டும். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது தாழ்ந்த இடத்தில் தள்ளப்பட்டவர்களின் வீடுதான் என்பதால் எங்களுக்குக் கூடுதலாகவே வேண்டும். ஆனால் அகற்றும் வரிசையை யார் எழுதுகிறார்கள்? பொது நிலத்தை மீட்கச் சொல்லி எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: நிலமற்ற உழைப்பாளிகளுக்கும் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகை கொடுத்த இடம், பள்ளி, மருந்தகம் போன்றவை இருக்கும் இடம் ஆகியவற்றில் வரன்முறைப்படுத்தலாம் என்று. இடிக்கும் நாளில் முதல் பாதியை வாசிப்பவர்கள் அந்த வரி வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் ஏரிக்கரைப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஓர் அம்மா, மஞ்சள் பையில் இருந்து ரசீதுகளை எடுத்துக் காட்டினார். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி கொடுக்கும் பி மெமோவுக்குக் கட்டிய தண்டத் தீர்வை. "எங்க மாமியார் காலத்துல இருந்து கட்டுறோம் தம்பி. ஆக்கிரமிப்புன்னா எதுக்கு எங்கிட்ட காசு வாங்குனாங்க?" என்று கேட்டார். அந்த ரசீது அவருடைய இருப்புக்கு அரசே கொடுத்த சாட்சி. அதை ஏற்றிவைக்கப் புதிய தரவுத்தளத்தில் ஒரு கட்டம் உண்டா?

சென்னையைச் சுற்றி 32 கிலோமீட்டருக்குள் பெல்ட் ஏரியா என்று சொல்லிப் பல பத்தாண்டுகள் மனைப்பட்டா மறுத்தார்கள். தாம்பரம், பெருங்களத்தூர் எல்லாம் அந்த வளையத்துக்குள். 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவெடுத்து, இந்த வளையத்திலும் மற்ற நகரங்களிலுமாக ஏறத்தாழ 86 ஆயிரம் பேருக்குப் பட்டா என்றார்கள். வரவேற்கிறேன். ஆனால் அது ஆட்சேபனையற்ற புறம்போக்கில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆட்சேபனை உள்ளது, ஆட்சேபனையற்றது என்ற அந்த ஒற்றைக் கட்டத்தை நிரப்புவது யார்? அரசுக்குக் கட்டடம் வேண்டும் என்றால் நில வகை மாற்றம் என்று ஓர் உத்தரவில் மாறும் அதே கட்டம், குடியிருப்பவர் கேட்டால் கல்லில் செதுக்கியதாகிவிடுகிறது.

ஒரு கட்டத்தை எடுத்தால் என்ன ஆகும்

தெலங்கானாவில் 2020 அக்டோபரில் தரணி என்ற இணையதளத்தைப் பெரும் விளம்பரத்தோடு தொடங்கினார்கள். பழைய பஹாணி ஏட்டில் உரிமையாளர் பெயரோடு நிலத்தை அனுபவிப்பவர், சாகுபடி செய்பவர் பெயருக்கும் கட்டம் இருந்தது. தரணியில் அது இல்லை. ஒரு கட்டம் இல்லாததால், உழுதுகொண்டிருந்த குத்தகையாளர் ஏட்டில் இல்லாதவரானார். எதிர்ப்பு பெருகி, ஆட்சி மாறி, 2025 ஏப்ரலில் தரணியின் இடத்தில் பூ பாரதி வந்தது. கர்நாடகத்தின் பூமி திட்டத்தை உலகமே புகழ்ந்துகொண்டிருந்த காலத்தில், சாலமன் பெஞ்சமின், புவனேசுவரி ராமன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் பெங்களூருவைச் சுற்றி ஆராய்ந்து, ஆவணம் ஒரே இடத்தில் குவிந்தது பெரிய நிறுவனங்களின் நிலக் குவிப்புக்கே வசதியாக அமைந்தது என்று காட்டினார்கள். வெளிப்படைத்தன்மை என்பது கண்ணாடி ஜன்னல் மாதிரி. வெளியே நிற்பவர் யார், கையில் கல் வைத்திருப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதனால் தரவுத்தளமே வேண்டாம் என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். எதை ஏற்றினாலும் அது நமக்கு எதிராகத்தான் திரும்பும் என்ற அவர்களுடைய அச்சம் அனுபவத்தில் விளைந்தது. ஆனால் நான் உடன்படவில்லை. பட்டியல் இல்லாதவரை பஞ்சமி என்பது மேடைப் பேச்சு. சர்வே எண்ணோடு பட்டியல் வந்தால் அது வழக்கு. ஏட்டை அவர்களிடமே விட்டுவிட்டு ஒதுங்கினால், அவர்கள் ஏடு எழுதாமல் இருக்கப் போவதில்லை. நாம் இல்லாமல் எழுதுவார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறு மறுப்பு வரும். நில ஏட்டில் எதற்குச் சாதி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போதாதா என்று. சாதியைப் பார்த்து நிலம் மறுத்தார்கள். சாதியைப் பார்த்து நிபந்தனையோடு கொடுத்தார்கள். அந்த நிபந்தனையை மீறிப் பிடுங்கினார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு ஏட்டிலிருந்து சாதியை மட்டும் அழித்துவிட்டால் மிஞ்சுவது சமத்துவமா? பிடுங்கியவருக்குச் சுத்தமான பட்டா மிஞ்சும்.

கட்டங்களை நாம் எழுதுவோம்

ஆகவே நம் கோரிக்கை 'தரவுத்தளம் வேண்டும்' என்றோ 'வேண்டாம்' என்றோ இருக்கக்கூடாது. இப்படிக் கேட்போம்:

1. அரசு நிலத் தரவுத்தளத்தில் பஞ்சமி தனி வகையாக இருக்க வேண்டும். குறிப்புக் கட்டத்தில் ஒளித்து வைக்கக்கூடாது. கிராம வாரியாக, சர்வே எண்ணோடு, யாரும் கேட்காமலே பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

2. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடுகளையும் ஒப்படைப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். நகர அளவை நடந்த ஊர்களில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலும் கூடவே வர வேண்டும். சிதிலமடைந்த பக்கம் என்றால் சிதிலமடைந்த பக்கத்தின் படத்தையே போடுங்கள்.

3. ஒவ்வொரு நிலத்துக்கும் மாற்ற வரலாறு என்று ஒரு கட்டம்: எந்தத் தேதியில், எந்த உத்தரவில், எதிலிருந்து எதுவாக வகை மாறியது என்று.

4. குடியிருப்பு வரலாறு என்று ஒரு கட்டம். பி மெமோ, வீட்டு வரி, மின் இணைப்பு, ரேஷன் அட்டை எதுவானாலும் அங்கே ஏற வேண்டும். எத்தனை ஆண்டு என்று தெரியாமல் எந்த வீட்டின் மேலும் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை ஒட்டக்கூடாது.

5. கிளப்புகள், கல்வி நிறுவனங்கள், தொழில் நிறுவனங்கள் கையில் குத்தகையில் இருக்கும் அரசு நிலம், வாடகை, பாக்கி ஆகியவற்றின் பட்டியல், ஏரிக்கரைப் பட்டியலுக்கு முன்பே வெளியாக வேண்டும்.

6. பஞ்சமி நிலக் கைமாற்றத்தைத் தடுத்து, மீட்டு, உரியவரிடம் ஒப்படைக்கத் தனிச் சட்டம் வேண்டும். அது வரும்வரை பதிவுச் சட்டத்தின் 22-ஏ பட்டியலில் பஞ்சமியைச் சேர்க்க வேண்டும்.

7. வரைவுப் பட்டியலைக் கிராம சபையிலும் மாநகராட்சிப் பகுதி சபையிலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சேரித் தெருவில் படிக்காத பட்டியல் இறுதிப் பட்டியல் ஆகக்கூடாது. அதுவரை அந்தத் தரவைக் காட்டி ஒரு வீட்டையும் இடிக்கக்கூடாது.

இதெல்லாம் புதிய கனவு இல்லை. அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில், சாகுபடிக்கு ஏற்ற அரசுத் தரிசு நிலங்களைப் பட்டியலினத்தவரின் குடியேற்றத்துக்காக ஓர் ஆணையத்திடம் பொறுப்பாக ஒப்படைக்கக் கேட்டார். அரசு நிலம் என்றால் அரசு தன் இஷ்டத்துக்கு விற்கும் சரக்கு என்று அவர் நினைக்கவில்லை. நிலமற்றவருக்காக அரசு வைத்திருக்கும் ஒப்படைப் பொருள் என்று நினைத்தார். தாதாசாகேப் கெய்க்வாட் 1959-லும் 1964-லும் மராட்டிய மண்ணில் லட்சக்கணக்கானோரைத் திரட்டிச் சிறைக்குப் போனதும் இந்தத் தரிசு நிலத்துக்காகத்தான்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். இந்த மாநிலத்தின் பொது நிலத்தைக் கணக்கெடுக்கும் மேசையில் அந்த ஐந்தில் ஒருவருக்கு நாற்காலி வேண்டும். தாம்பரம் மாநகராட்சியின் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட பதவி. அந்த மாமன்றம் தன் எல்லைக்குள் இருக்கும் பஞ்சமி நிலப் பட்டியலை வெளியிடச் சொல்லி ஒரு தீர்மானமாவது போடட்டும். பகுதி சபை கூடும் நாளில் தோழர்கள் வீட்டில் இருக்கும் ஒப்படைப் பத்திரத்தையும் பி மெமோ ரசீதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எண்ணைச் சொல்லி, ஏட்டைக் காட்டு என்று கேட்போம். காட்டும்வரை கேட்போம்.